ஒரு வளவு, இரண்டு அடுப்பு

2020 ஏப்ரல் 19, ஞாயிறு

ஊரடங்கு. வெளியே இறங்கக்கூடாது. ஆனால் எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் வாவி. அதை யார் தடுப்பது? விடிந்ததும் போய் நின்றேன்.

ஐம்பத்து நான்கு வயதில் இப்படியொரு நீரை நான் கண்டதில்லை. பாலத்தில் வாகனம் இல்லை. இயந்திரப் படகு இல்லை. நீரில் வேரூன்றிய கண்ணாமரங்களின் ஓரமாகக் கூழைக்கடாக்கள் அசையாமல் நின்றன. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. அந்த ஓசை மறுகரைவரை போனதைக் காதால் பின்தொடர முடிந்தது. மனிதர் வாயை மூடினால் உலகம் இத்தனை பெரிதா?

திரும்பி வந்தபோது கைபேசியில் சுற்றுலா விடுதியிலிருந்து செய்தி. பாசிக்குடாவில் ஒன்பது ஆண்டுகளாக நான் வகித்த வரவேற்பு முகாமையாளர் பதவி இனி இல்லை. ‘எமது குடும்பத்தின் அங்கத்தவரான உங்களுக்கு’ என்று தொடங்கி, ‘தங்கள் சேவை இனித் தேவைப்படாது’ என்று முடிகிறது. ஒரு பிழை இல்லை. அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

கோபம் வந்தது, ஆனால் சுடவில்லை. ஐஸில் வைத்த மீனைப்போலக் கெடாமல் உள்ளே கிடக்கிறது.

ஏப்ரல் 20

மங்கையிடம் சொன்னேன். “சரி. இனி ஒவ்வொரு நாளும் வீட்டில நிப்பீங்க” என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 29, புதன்

தொழில் இழந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுப்பனவு வழங்குகிறது. கேட்பது என் உரிமை. இத்தனை ஆண்டுகள் வரி செலுத்திய நாட்டிடம் கேட்பது பிச்சை அல்ல என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டு கிராம சேவகரின் அலுவலகத்துக்குப் போனேன்.

வரிசையில் என் பின்னால் நின்ற ஓட்டோக்காரன் எட்டிப் பார்த்தான். “சேர், நீங்களுமா நிவாரணத்துக்கு வந்திரிக்கீங்க? அப்ப நாடு முடிஞ்சுது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

கிராம சேவகர் கம்சாயினி, என் மகளோடு படித்த பிள்ளை. எழுந்து நின்று கதிரை தந்தாள். பிறகு இல்லை என்றாள்.

“ஐயா, உங்கட பேர் மருமகன் நிதுர்ஷன் அண்ணர்ர குடும்பத்தில இரிக்கு. அவருக்கு அரச சம்பளம். அப்ப தர ஒண்ணா.”

“நான் தனிக் குடும்பம்.”

“ஒரு வளவு, ஒரு அடுப்பு. எங்களுக்கு அடுப்புத்தான் கணக்கு ஐயா.”

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மங்கையை மணந்தபோது நான் அவள் தாயின் வீட்டுக்கு வந்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகள் தக்ஷாயினிக்குக் கல்யாணம் நடந்தபோது, முன்வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதிவிட்டு, நாங்கள் பின்வளவில் கட்டிய இரண்டு அறைக்கு மாறினோம். மருமகன் நிதுர்ஷன் வந்து குடியேறினார், மாவட்டக் கச்சேரியில் உத்தியோகம். எல்லோரும் செய்வதுதான். யாரும் இதைத் துயரமென்று சொல்வதில்லை. பின்வீட்டில் சமைக்கக் குசினி கட்டவில்லை. மகளின் குசினி அருகில் இருக்கும்போது எதற்கு?

கம்சாயினி பதிவைத் திருப்பிக் காட்டினாள். குடும்பத் தலைவர்: நிதுர்ஷன். தங்கிவாழ்வோர்: மனைவி, மாமி, மாமா.

மாமா என்பது நான். தங்கிவாழ்வது நான்.

எத்தனையோ நாட்டவரின் கையில் அறைக் கதவின் திறப்பை வைத்து ‘இது உங்கள் வீடு’ என்று சொல்லியிருக்கிறேன். எனக்கென்று ஒரு திறப்பு எந்த நாளும் இருந்ததில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மே 3, ஞாயிறு

மத்தியானம் கொடுவா மீன். வாவியில் பிடித்தது, விற்க வழியில்லாமல் வாசலுக்கு வந்தது. தலையை மகள் வழக்கம்போல என் தட்டில் வைத்தாள். அது உழைப்பவனின் பங்கு. நிதுர்ஷன் பார்க்கவே இல்லை, “மாமா, புளி காணுமா, குறைவா?” என்று மட்டும் கேட்டார்.

அவர் பண்பானவர். அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு முறையாவது முகம் சுளித்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருக்கும்!

மே 6

தேநீரில் சீனியை நிறுத்திவிட்டேன். எவரும் கவனிக்கவில்லை. நல்லது.

மே 15, வெள்ளி

மேன்முறையீடு எழுதிக் கொண்டுபோனேன். ‘குடும்பம் என்பது யாது?’ என்ற கேள்வியில் தொடங்கி, எமது பிரதேசத்தின் சீதன வழமையை விளக்கி, அவ்வழமையைப் பின்பற்றியவனை அரசு தண்டிப்பதன் முறைகேட்டை நிறுவியிருந்தேன். கம்சாயினி முழுவதையும் படித்தாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன. கேலியாக அல்ல.

“எவ்வளவு வடிவா எழுதியிருக்கீங்க ஐயா! இத மேல அனுப்பினா அவங்களும் இதைத்தான் கேப்பாங்க. அடுப்பு எங்க? தனி அடுப்பு எரியுதெண்டா சொல்லுங்க, நான் நேர வந்து பாத்துட்டுப் பேரப் பிரிச்சி விடுறன். எரியாம எரியுதெண்டு மட்டும் எழுதச் சொல்லாதீங்க.”

அவள் மீது கோபப்பட இடமில்லை. அதுவும் கோபமூட்டியது.

மே 16

பின்னேரம் மங்கையிடம் சொன்னேன்.

“அடுப்பப் பிரிக்கிறதா?” என்றாள். ஏதோ செத்துப்போன பிராணியைக் கையில் கொடுத்ததுபோலப் பார்த்தாள். “சண்டை பிடிச்ச வீட்டிலதான் அடுப்புப் பிரியும். நாளைக்கு ஊர் கேக்கும், மருமகன் சோறு போடல்லையா எண்டு. அந்தப் புள்ள என்ன பிழை செய்தவர்? எனக்கும் மகளுக்கும் நடுவில நெருப்ப வைக்கச் சொல்றீங்களா?”

என்ன கேட்டுட்டன் நான்? மூணு கல்லு வைக்கச் சொன்னன். மூணு கல்லு! முப்பது வருசம் உழைச்சவன் தன்ர பேரில ஒரு பானை கேக்கக் கூடாதா?

“மருமகன்ர சோத்தில நான் சாக மாட்டன்” என்று கத்திவிட்டேன்.

முற்றத்தில் நிதுர்ஷன் நின்றார். வெளிவிளக்கைப் போட வந்தவர். போடாமலே திரும்பிப் போனார்.

மே 17

விளக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மே 24, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வாவி நுரைத்துக் கிடக்கிறது. மங்கை என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறாள். மகள் சாப்பாட்டை மூடிக் கொண்டுவந்து எங்கள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். முன்பு கூப்பிடுவாள். இப்போது வைக்கிறாள். கொடுப்பனவு கிடைப்பதற்கு முன்பே அடுப்புப் பிரிந்துவிட்டது. புகைதான் இன்னும் வரவில்லை.

மகளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லலாம். என்ன வார்த்தை?

மே 31, ஞாயிறு

அம்மன் கோயில் கதவு திறந்துவிட்டது. வைகாசியில் மட்டும்தான் திறக்கும். இந்த ஆண்டு உள்ளே சிலருக்குத்தான் அனுமதி.

மங்கை மடிப்பிச்சை எடுப்பதாக நேர்ந்திருக்கிறாளாம். வீடு வீடாகப் போய் முந்தானையில் அரிசி வாங்கி அம்மனுக்குப் பொங்குவது. வசதியானவர்களும் செய்கிற நேர்த்திதான். ஆனால் இந்த ஆண்டா? வேலை இழந்தவனின் மனைவியா?

“எங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று சொல்வார்கள்.”

“சொல்லட்டும். நீங்க மட்டும் கிராம சேவகர்ர கந்தோரில போய்க் கேட்டீங்கதானே.”

ஜூன் 2, செவ்வாய்

போகமாட்டேன் என்றேன், போனேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஒரு வளவு இடைவெளி விட்டு.

மஞ்சள் சேலை, வெறுங்கால், இடுப்பில் வேப்பிலை, முகத்தில் மாஸ்க். முந்தானையை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, “அம்மாளுக்கு மடிப்பிச்சை” என்று ஒவ்வொரு வாசலிலும் ஒரு தரம்தான் சொன்னாள்.

வாவியோரத்தில் அன்னப்பூரணியின் வீடு. புருசன் வலை வீசுபவர். மீன் வாங்க வியாபாரிகள் வராததால் அவரும் வீட்டில்.

“ஆருகா அது, மூஞ்சிய மூடிக்கிட்டு?”

“நான்தான்கா, மங்கை.”

“அடியே, நீயா? உன்ட மனுசன் பெரிய ஹோட்டல்ல இரிக்க உனக்கென்னகா நேத்தி?”

“ஹோட்டல் பூட்டியாச்சுகா.”

“அப்ப சரி. எங்கட வலையும் பூட்டித்தான் கிடக்கு. ரெண்டு பேரும் ஒரே கம்பனி.”

இருவரும் சிரித்த சிரிப்பு வேலிக்கு இப்பால் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு அன்னப்பூரணி உள்ளே போனாள். அரிசிப் பானையின் அடியைச் சிரட்டை சுரண்டும் ஓசை வந்தது. முகம் கழுவி, ஈரக் கையோடு சுளகில் அரிசி கொண்டுவந்தாள். மடியில் கொட்டினாள். கொட்டிவிட்டுக் குனிந்து, மங்கையின் காலடி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கொடுத்தவள் வணங்கினாள். வாங்கியவள் நிமிர்ந்து நின்றாள்.

நான் பொருளியல் பட்டதாரி. கேட்பவன் தாழ்ந்தவன், கொடுப்பவன் உயர்ந்தவன் என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அதை நம்பித்தான் இத்தனை காலமும் எரிந்துகொண்டிருந்தேன். என் கண்முன்னே, இரண்டு பெண்கள், ஒரு சுளகு அரிசியை வைத்து அதைத் தலைகீழாக்கிவிட்டார்கள். சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். வெயிலில்.

ஜூன் 7, ஞாயிறு

கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இம்முறை கோயில் வளவில் பொங்க இடமில்லை. நேர்த்தி அரிசியை அவரவர் வீட்டிலேயே பொங்கிப் படைக்கட்டாம்.

மங்கை மகளைக் கூப்பிட்டாள். “அம்மாள்ர அரிசிய மீன் காய்ச்சின அடுப்பில வைக்க ஒண்ணா புள்ள. புது அடுப்பு வேணும்.”

“அதுக்கென்னம்மா, உங்கட பக்கம் மூட்டுவம்.”

எங்கள் பக்கம். பின்வளவில். நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன்.

தக்ஷாயினி நிலத்தைக் கூட்டி மெழுகினாள். கல்லைத் தூக்கி வந்தவர் நிதுர்ஷன். ஒன்றை வைத்துவிட்டு நிமிர்ந்து, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக நேரே என்னைப் பார்த்தார். “மாமா, இது மட்டமா இரிக்கா பாருங்க.”

குந்தியிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இருவருமாக அசைத்துச் சரிசெய்தோம். “அன்றைக்கு நான் சொன்னது…” என்று தொடங்கினேன்.

“கையை எடுங்க மாமா, நசிபடும்” என்றார்.

பால் பொங்கி வழிந்தபோது மங்கை குரவையிட்டாள். மகளும் சேர்ந்தாள். நெருப்பு நடுவில்தான் இருந்தது; அதன் இருபுறமும் தாயும் மகளும். பிரிவதற்கென்று நான் கேட்ட அதே மூன்று கற்கள்.

பிறகு மங்கையிடம் கேட்டேன்: இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் செய்தாயா?

“கனக்கப் படிச்சா இப்பிடித்தான் கேக்கத் தோணும்” என்றாள்.

ஜூன் 8, திங்கள்

குளிர்த்தி. நீதி கேட்டு நகரை எரித்த சினத்தோடு நிற்கும் அம்மனை நீர் தெளித்து ஆற்றும் நாள். பூசை செய்யும் கட்டாடியாரும் சிலரும் மட்டும் உள்ளே. ஊர் முழுவதும் வீட்டு வாசல்களில் வேப்பிலை போட்ட நீர்க்குடத்தோடு நின்றது. ஒலிபெருக்கியில் பாடல் வாவியின் மேலாக வந்தது. அந்தப் பெருநீர் முழுவதும் காது கொடுத்துக் கேட்பதைப்போலக் கிடந்தது.

சிறு வயதிலிருந்து பார்க்கிற சடங்கு. ஆனால் இன்றுதான் நினைத்தேன். கோபம் நியாயமானது என்பதில் இங்கே எவருக்கும் ஐயமில்லை. ‘ஏன் கோபப்பட்டாய்?’ என்று எவரும் அம்மனைக் கேட்பதில்லை. நியாயமான கோபத்துக்கும் நீர் தேவை என்று மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

மங்கை குடத்து நீரை அள்ளி என் தலையிலும் தெளித்தாள். கொஞ்சம் அதிகமாகவே.

ஜூன் 11, வியாழன்

அடுப்பு அணையவில்லை. அம்மாளுக்கு மூட்டியதை உடனே அணைக்கக்கூடாதென்று மங்கை அதிலேயே எங்கள் சோற்றை வைக்கிறாள். நான்தான் கம்சாயினிக்குச் சொல்லி அனுப்பினேன். எரிகிறது என்பது உண்மை.

அவள் வந்த நேரம் நிதுர்ஷன் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, மங்கையின் பருப்புக் கறியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் போய்வந்தது.

“அண்ணே, நீங்க எந்தக் குடும்பம்?”

“நான் இண்டைக்கு விருந்தாளி.”

நான் மறைக்க விரும்பவில்லை. “பிள்ளை, இது நேர்த்திக்கு மூட்டிய அடுப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.”

“ஆருக்கு மூட்டினதெண்டு நான் கேக்கல்ல ஐயா. எரியுதா, இனியும் எரியுமா? அதத்தான் பாக்க வந்தன்.”

“எரியும்கா” என்றாள் மங்கை. “மழைக்கு முதல் கூரையும் போடுவம். இரி, சாப்பிட்டுட்டுப் போ.”

ஜூலை 14, செவ்வாய்

புதிய குடும்பப் பதிவைக் கம்சாயினி கையில் தந்தாள். அடுத்த பட்டியலில் பெயர் வருமாம். நின்றபடியே படித்தேன்.

குடும்பத் தலைவி: மங்கையற்கரசி. தங்கிவாழ்வோர்: நல்லரத்தினம், கணவர்.

“பின்வளவு உறுதிப் பத்திரம் அம்மாட பேரிலதானே ஐயா. அதான் அப்பிடிப் போட்டன். மாத்தணுமெண்டா ஒரு கடிதம் எழுதுங்க. நீங்க வடிவா எழுதுவீங்க.”

உள்ளே ஐஸில் வைத்த அந்த மீனைத் தேடிப் பார்த்தேன். இருக்கிறது. விடுதிக்காரர்களுக்காக அதை இன்னும் வைத்திருக்கிறேன். இதற்கு எடுக்கத் தோன்றவில்லை.

“வேண்டாம் பிள்ளை” என்றேன். “சரியாகத்தான் இருக்கிறது.”

வீட்டுக்கு வந்தபோது வாவிக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இந்த மாதத்தில் இப்படி இருட்டுவதே அபூர்வம். “இஞ்சேருங்க, தென்னமட்டையெல்லாம் நனையப் போகுது” என்று மங்கை கூப்பிட்டாள். வேலியோரத்தில் கிடந்தவற்றை அள்ளி வந்து அடுப்படியில் போட்டேன்.

“தலைவிக்கு இவ்வளவும் காணுமா?”

ஊதுகுழலிலிருந்து வாயை எடுத்துப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு கொண்டாங்க” என்றாள்.