பதினேழாம் நம்பர் காடு

ரெட்டியார்பட்டி
8.2.2026

அன்பு மகள் முத்துராணிக்கு அப்பா சங்கிலிபூதத்தான் எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன், மூன்று மாடி ஏறி இறங்குவதில் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி மாத்திரையும் சாப்பாடும் நேரத்துக்கு நடக்கிறது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளை மாரிராஜும் பிள்ளைகள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் சாமி துணை நிற்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குக் காகிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ எது கேட்டாலும் சரி சரி என்றே என் வாய் சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டு ரைஹானத்தின் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன், டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

மார்ச் கடைசியில் வருகிறோம், இரண்டு நாள் காட்டு பங்களாவில் தங்க வேண்டும், மறுநாள் காலையில் வேனில் மாஞ்சோலைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு மிருகங்களைக் காட்ட வேண்டும், அப்படியே அம்மா இருக்கிற இடத்துக்கும் போக வேண்டும் என்று சொன்னாயே, அதையெல்லாம் விசாரித்துவிட்டேன். தங்குவதற்கு ஆளுக்கொரு அடையாள அட்டை நகல் வேண்டுமாம், பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் நகலே போதுமாம். மேலே அவர்கள் வேனில்தான் போக வேண்டும், சாயந்திரம் ஐந்து மணிக்குள் கீழே இறங்கிவிட வேண்டும், வழியில் எங்கேயும் இறங்கக் கூடாது. மாப்பிள்ளையின் பறக்கிற கேமராவை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல், இங்கே விடமாட்டார்கள். சிவப்பு, ரோஸ் கலரில் சட்டை வேண்டாம். மார்ச்சில் ரத்தம் குடிக்கிற அட்டைப்பூச்சி இருக்காது, பயப்படாதே. பிள்ளைகளுக்கு வளைவுகளில் வாந்தி வரும், நீ சின்னதில் எடுத்த வாந்தி எனக்கு மறக்கவில்லை, எலுமிச்சம்பழம் நான் வாங்கி வைக்கிறேன்.

இதெல்லாம் புலி பார்ப்பதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவை அடக்கம் செய்தபோது உன்னால் வர முடியவில்லை. நாலு வருஷமாக உன் மனசில் கிடப்பது அதுதான். அதனால் உங்களைக் கூட்டிப்போவதற்கு முன்னால் ஒரு தடவை நான் போய்ப் பார்த்துவிடலாம் என்று போன செவ்வாய்க்கிழமை வேனில் ஒரு சீட்டு எடுத்துக்கொண்டேன்.

செக்போஸ்டில் நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். ஊர் என்று போட்டிருந்த கட்டத்தில் என் கை பாட்டுக்கு மாஞ்சோலை என்று எழுதிவிட்டது. அங்கே இருந்தவர் நல்ல மனுஷன்தான், வந்த ஊர எழுதுங்க, போற ஊர எழுதிட்டியளே என்று சொல்லி அதன்மேல் கோடு போட்டுக் கொடுத்தார். ரெட்டியார்பட்டி என்று எழுதினேன். வேன் ஓட்டுவது யாரென்று நினைக்கிறாய், நம் எஸ்டேட்டில் லாரி ஓட்டிய சிவசண்முகம். என்னைப் பார்த்ததும், அண்ணாச்சி நீங்களா டிக்கெட் எடுத்து வாரீய என்று கேட்டு, முன் சீட்டில் உட்காரவைத்தான். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், காலேஜ் பையன்கள் நாலு பேர், நான். ஒரு வளைவில் காட்டுமாடு நின்றது, எல்லோரும் போனைத் தூக்கினார்கள். அந்தக் குடும்பத்து அம்மா எனக்கு முறுக்கு கொடுத்து, ஐயா இதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் வந்திருக்கீங்களா என்று கேட்டது. வந்திருக்கேம்மா என்று சொல்லிவிட்டு முறுக்கைத் தின்றேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன ஆடி அமாவாசைக்கு மேலே போய் அம்மாவுக்கு விளக்கு ஏற்றினேன் என்று சொன்னேனே, அது பொய். மணிமுத்தாறு வரை பஸ்ஸில் போனேன், அணைக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், படைக்கக் கொண்டுபோன வாழைப்பழத்தை நானே தின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். எஸ்டேட்டை மூடி எங்கள் எல்லோரையும் கீழே இறக்கிவிட்ட நாளிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் முதல் தடவையாக மேலே போனேன். ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையில் ஐந்தரைக்கு எழுந்து, எஸ்டேட் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகிறவன் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து விடுகிறேன்.

அம்மா கடைசியில் படுத்திருந்தபோது, ஏங்க, என்னய ரோட்டுப் பக்கமாப் போடுங்க, புள்ள வந்தா பஸ் தெரியணும்லா என்று சொன்னாள். அதனால்தான் பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டை ஒட்டி, ரோட்டுக்குக் கீழே வைத்தோம். நீ பெயர் வெட்டிய கல் வைக்கச் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. காட்டுமாடு முட்டித் தள்ளிவிடும், கல்லெல்லாம் வேண்டாம், நான் தலைமாட்டில் ஒரு தேயிலைக் கன்று நட்டிருக்கிறேன், அதை மட்டும் வெட்டாமல் விட்டால் போதும், தூரத்திலிருந்தே தெரியும் என்று சொன்னேன். முப்பத்தோரு வருஷம் கவாத்துக் கத்தி பிடித்த திமிர் அது. தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும், இடுப்பு உயரத்துக்கு வெட்டி வெட்டித்தான் அதைச் செடியாக வைத்திருந்தோம். மலை முழுக்க இடுப்பு உயரம், அம்மாவின் செடி மட்டும் ஆள் உயரம். நாங்கள் இறங்கி வருகிற அன்றைக்கு பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன், தனியாகத் தெரிந்தது. மற்றச் செடிகளை வெட்டவும் ஆள் இருக்காது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

அந்த இடம் வந்ததும் சிவசண்முகம் எஞ்சின் சூடாகிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லி வண்டியை நிறுத்தினான். என் பக்கம் குனிந்து, ரெண்டு நிமிசம் அண்ணாச்சி, பைய போய்ட்டு வாங்க என்று சொன்னான். இதை யாரிடமும் சொல்லிவிடாதே, அவன் வேலைக்கு வினையாகிவிடும். இறங்கிப் பார்த்தேன். எல்லாம் மரமாகி நிற்கிறது முத்துராணி. ஒன்றுபோல ஆள் உயரத்துக்கு மேலே, பூ வேறு பூத்திருக்கிறது, நடுவே உண்ணிச்செடி மண்டி மேடு பள்ளம் ஒன்றும் தெரியவில்லை. மூன்று செடியிடம் போய் நின்றேன். மூன்றும் அவள் செடி மாதிரிதான் இருந்தது, மூன்றும் இல்லை மாதிரியும் இருந்தது. ஹாரன் அடித்ததும் வந்து ஏறிக்கொண்டேன். மேலே நாலுமுக்கு எஸ்டேட்டில் வைத்துப் புளிச்சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள், முழுசையும் சாப்பிட்டேன், உப்பு கொஞ்சம் கூட. மனசில் ஒன்றுமே இல்லை. இப்படி இருக்கிறேனே என்றுதான் வீட்டுக்கு வந்தபிறகு பயமாக இருந்தது.

அம்மாவை வைத்த இடத்தை நான் தொலைத்துவிட்டேன். இதைத்தான் போனில் சொல்ல வாய் வரவில்லை. நீ கடல் தாண்டி வந்து அந்த ரோட்டில் நின்று, எதுப்பா என்று கேட்டால் நான் எந்த மரத்தைக் காட்டுவேன். ஏதோ ஒரு செடியைக் காட்டி இதுதான் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஆடி அமாவாசைக்குச் சொன்ன பொய் ஒன்றே போதும்.

திரும்பி வரும்போது சிவசண்முகத்திடம், உனக்காவது இடம் ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். அடக்கத்தன்று உனக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டு நின்றது அவன்தானே. நான் எங்க அண்ணாச்சி எடத்தப் பாத்தேன், தங்கச்சிக்குச் சரியாத் தெரியணுமேன்னு போனைத்தான பாத்துக்கிட்டு நின்னேன் என்று சொன்னான். நானும் அன்றைக்குக் குழியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, பிறகு போனபோதெல்லாம் அந்தச் செடியை மட்டும்தான் அடையாளமாகப் பார்த்தேன். ஆனால் நீ அழுதுகொண்டே, அண்ணே அம்மாவைச் சுத்தி என்ன இருக்கு, எல்லாத்தையும் காட்டுங்க என்று கேட்டாய், அவன் போனை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். அந்த இடத்தைச் சரியாகப் பார்த்தது நம்மில் நீ ஒருத்திதான். பாறை தெரிந்ததா, ரோட்டு வளைவு எந்தப் பக்கம் இருந்தது, ஓடை தெரிந்ததா, என்ன ஞாபகம் இருந்தாலும் எழுது. அந்த நேரத்தில் மாப்பிள்ளை போனில் படம் ஏதும் பிடித்து வைத்திருக்கிறாரா என்று கேள்.

பங்களாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன், மார்ச் 28, 29, என்னையும் சேர்த்து ஐந்து பேர். பிள்ளைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு, எல்லோரும் நீண்ட ஆயுசோடு நிறைவாக இருங்கள். பாஸ்போர்ட் நகலை மறக்காதே. அன்றைக்கும் சிவசண்முகம் அந்த இடத்தில் ரெண்டு நிமிஷம் நிறுத்துவான், நீ வந்து இதுதான் என்று சொல்லு, அன்றைக்கே கல் நட ஏற்பாடு செய்கிறேன். அம்மா இருக்கிற இடத்தை நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
வே. சங்கிலிபூதத்தான்