இவர் பிடித்த கௌரி விரதம்

ஒக்டோபர் 1, புதன்

விடியவே மழை. மனோர் பார்க் முழுக்க நனைந்த இலை, காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வருகிறது.

இன்று கேதார கௌரி விரதம் தொடக்கம். குசினி கழுவியாயிற்று. மீன் சட்டி, இறைச்சிச் சட்டி மேல் அலுமாரிக்குள். புதுத் திரி, சாம்பிராணி, வாழைப்பழம் இரண்டு சீப்பு. எல்லாம் ஆயத்தம். விரதம் மட்டும் எனக்கில்லை.

போன கிழமை நேர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். சீனி வருத்தத்துக்கு ஊசி தொடங்கியாயிற்று, இனி ஒரு நேரம்கூடச் சாப்பாடு தவறக் கூடாதாம். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து ஒரு வருடமும் விடாத விரதம். இவரின் ஆயுளுக்கென்று பிடிப்பது. இடையில் விட்டால் இவருக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயத்தை அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாஷையில் சொல்ல? தலையாட்டிவிட்டு வந்து பஸ்ஸுக்குள் அழுதேன்.

அன்று இரவே இவரிடம் சொன்னேன். இவர் கோழிக்கால் ஒன்றைக் கடித்தபடி, "அதுக்கேன் அழுறீர்? நான் பிடிக்கிறன்" என்றார்.

"நீங்களோ?"

"ஏன், எனக்கு ஏலாதோ?"

"உங்கட ஆயுளுக்கு நீங்களே விரதம் பிடிக்கிறதோ? ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

கொஞ்சம் யோசித்தார். "என்ர ஆயுளுக்கு நான் பிடிச்சால் அது கள்ளம். நான் உமக்குப் பிடிக்கிறன்."

எனக்காக இதுவரை யாரும் ஒரு தேத்தண்ணியைக்கூட விட்டதில்லை.

ஒக்டோபர் 4, சனி

காற்று. பின்வளவு வேலி ஆடுகிறது. கவுன்சிலுக்கு இல்லை, வீட்டுக்காரனுக்குத்தான் சொல்ல வேண்டும்.

இவருக்கு எல்லாம் படிப்பித்தேன். பகலில் பாலும் பழமும். பொழுதுபட்டதும் குளித்து, விளக்கேற்றி, ஒரு நேரம் மரக்கறிச் சோறு. இருபத்தொரு நாள். கடைசி நாள் கோயிலில் ஐயர் காப்பு நூல் கட்டுவார், ஆம்பிளைகளுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. என் இடக்கையில் போன வருடத்து நூல் கறுத்துப் போய்க் கிடக்கிறது. புதிது கட்டும் வரைக்கும் கழற்றக் கூடாது.

பஸ் ஓட்டுகிற மனிதன். பசியில் கண் இருட்டினால்? பையில் நாலு வாழைப்பழம் வைத்துவிட்டேன். ஐந்தாவதும் வைத்தேன்.

வேலை முடிந்து வந்து ஜக்கெற்றைக் கொழுவினார். இவர் குளிக்கப் போனதும் மெல்லப் போய் மணந்து பார்த்தேன். பொரித்த எண்ணெய் வாசம். கன்டீனில் என்னத்தைத் தின்றாரோ!

பாதி ஈரத்தோடு வந்து நிற்கிறார். "என்ன, மோப்பம் பிடிக்கிறீரோ?"

"சும்மா. தோய்க்கப் போடலாமெண்டு."

"பக்கத்திலை இருந்தவன் சிக்கன் விங்ஸ் சாப்பிட்டவன். நான் யன்னலைப் பாத்துக்கொண்டு வாழைப்பழம் சாப்பிட்டனான். எழுதித் தரட்டோ?"

மான்செஸ்டரில் படிக்கிற மகளுக்கும் செய்தி போய்விட்டது. "அம்மா, ஆர் யூ ஷுவர்? எங்கட அப்பாவோ?" என்று போனில் ஒரே சிரிப்பு. எனக்கும் சிரிப்புத்தான். ஆனால் இவர் விளக்குக்கு முன்னால் கண்ணை மூடி நிற்கும்போது சிரிப்பு வரவில்லை. அழகாகத்தான் இருக்கிறார், வயிற்றையும் சேர்த்து.

ஒக்டோபர் 8, புதன்

தூறல். நான் வேலை செய்கிற மருந்துக் கடையில் சனம் அதிகம், எல்லோருக்கும் இருமல்.

இவரின் கழுத்தெலும்பு தெரிகிறது. நேற்று இடுப்புப் பட்டிக்குப் புது ஓட்டை குத்தினார், அதை ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி எனக்குக் காட்டினார்.

எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த மனிதன் பாலும் பழமுமாக ரொம்ஃபோர்ட் ரோட்டில் ஓடித் திரிய, நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிடுவதா? போதாததற்கு நூல் இருப்பது என் கையில். அம்மன் யாரின் வயிற்றைப் பார்ப்பா?

மதியப் பெட்டியைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து இவர் வருமுன் கொட்டிவிட்டேன். மத்தியானம் மட்டும்தானே. ஒன்றும் ஆகாது.

ஒக்டோபர் 9, வியாழன்

இன்றும் பெட்டி திறக்கவில்லை. கடையில் எங்கள் பார்மசிஸ்ட் காயத்ரி, மதுரைப் பிள்ளை, "என்னக்கா, டயட்டா?" என்றாள். "ஓம்" என்றேன். பொய்தான். மனதுக்குள் ஒரு நிம்மதி, பழையபடி என் விரதம் என்னிடம் வந்துவிட்டது போல.

ஒக்டோபர் 13, திங்கள்

கை இன்னும் சரியாக ஓடவில்லை, எழுத்து கோணல்.

மத்தியானம் மருந்துப் பைகளை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டு நின்றேன். எழுத்தெல்லாம் நீந்தியது. வியர்வை. பிறகு நான் நிலத்தில், காயத்ரியின் மடியில் தலை. வாய்க்குள் ஒரேஞ் ஜூஸ்.

"அக்கா, காலைல ஊசி போட்டீங்கல்ல? போட்டுட்டு சாப்பிடலையா? எத்தன நாளா இப்படி?"

சொன்னேன். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. "எங்க வீட்லயும் வரலட்சுமி நோன்பு உண்டுக்கா. அதுக்காக உசுர வச்சா விளையாடுவாங்க?" விரலில் குத்திச் சீனி பார்த்தாள், ஏறும்வரை பக்கத்திலேயே இருந்தாள், பின்னேரம் தன் காரில் கொண்டுவந்து விட்டாள். இவரிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினேன். வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

இவர் குளித்தார். விளக்கேற்றினார். இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். தன்னுடையதைத் தொடவில்லை.

"நான் ஆருக்காகப் பட்டினி கிடக்கிறன்?"

நான் தட்டைப் பார்த்தேன்.

"சொல்லும். ஆருக்காக?" குரல் உடைந்தது. இவரின் அம்மாவின் செத்த வீட்டுக்குப் பிறகு நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "அங்கை நீர் விழுந்து கிடக்க, நான் இஞ்சை வாழைப்பழத்தை உரிச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். எனக்கு இந்த விரதமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீர் வேணும்."

"இனிச் சாப்பிடுவன்" என்றேன்.

"உம்மை நம்பேலாது. ஒவ்வொரு நேரமும் சாப்பிட்டு முடிச்ச தட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேணும். ஒரு நேரம் படம் வரேல்லையோ, நேரே கடைக்குப் போய் மட்டன் றோல் வாங்கிச் சாப்பிடுவன். காப்புமில்லை, கௌரியுமில்லை."

செய்யக்கூடிய மனிதன். சோற்றைப் பிசைந்தேன். கண்ணீரும் விழுந்தது, உப்புப் போடாத பருப்புக்கு அது நல்லது.

ஒக்டோபர் 15, புதன்

வெயில்! ஐந்து நிமிடம்.

காலை: பாண், அவித்த முட்டை இல்லை (விரத வீடு), கடலை. படம் அனுப்பினேன்.
மத்தியானம்: புட்டு, கத்தரிக்காய். படம்.
இரவு: இவருக்கு முன்னாலேயே சாப்பிட்டேன், அதற்கும் படம் வேண்டுமாம்.

பஸ் கடைசித் தரிப்பில் நிற்கும்போதுதான் போனைப் பார்ப்பார். மத்தியானப் படத்துக்குப் பதில் வந்தது: "ஓரத்திலை ஒரு கத்தரிக்காய் மிச்சம்." பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்! அதையும் சாப்பிட்டுத் திரும்ப அனுப்பினேன். காயத்ரி சொல்கிறாள், "தட்டு கழுவவே வேணாம்க்கா, இப்படியே அடுக்கிடலாம்."

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழைக்குள்ளும் யாரோ வெடி விடுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து இறைச்சிக் கறி வாசம். இவர் எழும்பிப் போய் யன்னலைச் சாத்தினார். பிறகு கொஞ்சமாகத் திறந்து வைத்தார். "வாசத்துக்கு விரதமில்லைத்தானே?"

நாளைக்கு அரியதரம் (காயத்ரிக்கு அது அதிரசம்) படைக்க வேண்டும். முதல் ஈடு கருகிவிட்டது, மா இளகல். இரண்டாம் ஈடு பரவாயில்லை. இவர் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், சின்னப்பிள்ளை மாதிரி. பாவம்.

ஒக்டோபர் 21, செவ்வாய்

காப்பு நாள். கொட்டுகிறது மழை.

இவர் வேலைக்கு லீவு. பால்கூடக் குடிக்கவில்லை. பின்னேரம் கோயிலுக்குப் போக, காரை நிறுத்தினதும் பையிலிருந்து புட்டுப் பெட்டியை எடுத்து நீட்டினார். ஊசி நேரம்.

"காப்பு நாளிலை வயிறு நிறையச் சாப்பிட்டிட்டோ கோயிலுக்குள்ளை போறது?" எனக்கு வெட்கம். பட்டுச் சேலையோடு காருக்குள் இருந்து கரண்டியால் சாப்பிட்டேன். இவர் வெளியே குடைபிடித்து நின்று, முடிந்ததும் தானே படம் எடுத்தார்.

உள்ளே நீண்ட வரிசை. எல்லாம் பெண்கள், நடுவில் இவர் அரியதரத் தட்டோடு. ஐயர் இவரின் வலக்கையில் நூலைக் கட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் கையை நீட்டுங்கோ" என்றார்.

பழைய நூல் இருந்த கையைச் சேலைக்குள் ஒளித்தேன். "நான் இந்த முறை பிடிக்கேல்லை ஐயா. மூண்டு நேரமும் சாப்பிட்டனான்."

எனக்குப் பின்னால் வரிசை முழுக்கக் கேட்டிருக்கும். நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

இவர் போனை எடுத்து ஐயருக்கு முன்னால் பிடித்தார். "அவவின்ர விரதம் இதுதான் ஐயா. டொக்டர் சொன்னது. விழுந்தெழும்பின நாளிலை இருந்து ஒரு நேரமும் தவறேல்லை. பாருங்கோ."

ஐயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளி. வெறும் தட்டு, வெறும் தட்டு, வெறும் தட்டு. "இதிலை கத்தரிக்காய் மிச்சமெல்லோ?"

"அடுத்த படத்தைப் பாருங்கோ ஐயா."

பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு எப்போதும் சொல்கிற மந்திரத்தை எப்போதும் சொல்கிற வேகத்தில் சொல்லி, என் இடக்கையில் புது நூலைக் கட்டினார். நான் விக்கி விக்கி அழுதேன். பின்னால் நின்ற மனிசி என் முதுகைத் தடவினா.

வீட்டுக்கு வந்து இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நாளைக்கு இறைச்சி வாங்க வேண்டுமாம், எலும்போடு. மேல் அலுமாரிச் சட்டியை இப்போதே இறக்கியாயிற்று.

படுக்கப் போகும்போது சொல்கிறார், "காலைமை சாப்பிட்டிட்டுப் படம் அனுப்பும்."

"விரதம் முடிஞ்சுதேயப்பா!"

"என்ர முடிஞ்சுது. உம்மட முடியேல்லை."