நீ கடித்து வைத்த ரொட்டி

அன்பு மகள் பெகாயிமுக்கு, நம் ஊர் அத்பாஷியிலிருந்து அம்மா எழுதுகிறேன். நீ புறப்பட்ட அன்று முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் சுகமாக இருக்கிறோம், ஊருக்குத் தாத்தாவும் உனக்கு அப்பாவுமான எசென்பெக், உன்னைப் பெற்ற என் மகன் குபாத்தும் மருமகள் நுர்சாத்தும், என் ஓரகத்தி துர்துகான், அப்புறம் நான். கார் ஓட்டி வந்தவனை நான் சேர்க்கவில்லை, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போ என்றதற்கு அவன் கீழேயே இறங்கவில்லை, அதை மறக்கமாட்டேன். அங்கே ஹாலந்தில் நீயும் உன்னோடு படிக்கிற பிள்ளைகளும் கூட வந்த வாத்தியாரம்மாவும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும்.

நீ அனுப்பின படங்களை நுர்சாத் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். துறைமுகத்தில் வீட்டு உயரத்துக்கு அடுக்கின பெட்டிகள், பூ ஏலம் விடுகிற கூடம், காற்றாலை, எல்லாம் பார்த்தேன். பால் ஆலைப் படத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக டாக்டர் மாதிரி நிற்கிறாய். அப்பா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் பளபளன்னு இருக்கு, மாடு எங்கேடி நிக்குது?" என்று கேட்டார். படகில் மட்டும் தலையில் ஒன்றும் இல்லை, அந்தக் காற்று காதுக்குள் போனால் என்ன ஆகும். கால்வாய்ப் படியில் வெறும் கல்மேல் உட்கார்ந்திருக்கிறாய், பெண்பிள்ளை குளிர்ந்த கல்லில் உட்காரக்கூடாது என்று நான் சொல்லாத நாள் உண்டா, கீழே எதையாவது விரித்துக்கொள்.

இப்போது ரொட்டி விஷயம். நீ கிளம்பும்போது கடித்துக் கொடுத்த ரொட்டியைத் துணிப்பையில் போட்டு அடுப்பறைச் சுவரில் மாட்டியிருந்தேன், நீ திரும்பி வந்து மிச்சத்தைத் தின்ன வேண்டும் என்று. செவ்வாய்க்கிழமை நான் பால் கறக்கப் போயிருந்தபோது துர்துகான் வந்து, தானே தேநீர் ஊற்றிக்கொண்டு, பையை இறக்கி, ரொட்டியை நனைத்து நனைத்துப் பாதியைத் தின்றுவிட்டாள். அதுவும் நீ கடித்த பக்கத்திலிருந்து. ஏன்க்கா என்றேன். "யாரோ ஏற்கெனவே கடிச்சிருந்தாங்க, எனக்குப் பல்லு இல்ல, ஆரம்பிச்சு வச்ச இடத்துலேர்ந்து தின்னேன், அதுக்கு ஏண்டி இப்படிக் குதிக்கிறே" என்கிறாள். நீ கடித்தபோது உனக்கு எதிரே நின்றவள் அவள்தான்.

மறுநாளே உன் போன் வந்தது. பால் ஆலைக்காரர் மீந்த பாலை உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம், மற்ற பிள்ளைகள் கையிலிருந்த குறிப்புக் காகிதத்தைப் பார்க்க, நீ பையிலிருந்த, நாம் உப்புப் போட்டுக் காயவைக்கிற தயிர் உருண்டையை எடுத்து அவர் கையில் வைத்தாயாம், அவர் அதைக் கடித்துப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் தங்கித் தொழில் கற்றுக்கொள் என்றாராம். "எங்க கூட்டம் ஊருக்குக் கிளம்புறதுக்குள்ள பதில் சொல்லணும், நீ வான்னு சொன்னா வந்துடறேம்மா" என்றாய். சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நன்றாகத்தான் கேட்டது. ரொட்டி போனது, பெண்ணும் போனாள் என்று தொழுவத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நுர்சாத் பின்னாலேயே வந்து, "அத்தை, இன்னொரு ரொட்டி சுட்டு நானே கடிச்சு மாட்டிடறேன், யாருக்குத் தெரியப்போகுது" என்றாள். ரொட்டிக்குத் தெரியும் என்றேன். பாவம், அவளும் அழுதிருந்தாள். தலைப்பேத்தி பாட்டிக்கு என்கிற வழக்கப்படி, நீ பிறந்த நாற்பதாம் நாள் உன்னை என் மடியில் போட்டுவிட்டு, இன்றுவரை நீ அவளை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறவள்.

உன்னிடம் ஒன்று சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமான புதிதில் நம் ஊர்ப் பால்பண்ணையிலிருந்து ஒரே ஒருத்தியைப் பட்டணத்துக்கு வெண்ணெய், பாலாடைக்கட்டித் தொழில் கற்றுவர அனுப்பினார்கள், என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். மூட்டை கட்டி, ரொட்டியும் கடித்துக் கொடுத்துவிட்டேன். லாரி வாசலில் நிற்கிறது. துர்துகான் மாமியார் காதில் விழும்படி, "போனவ திரும்புவாளா அத்தை? பட்டணத்துல ஒருத்தனைப் பார்த்துக்கிட்டா உங்க மகன் கதி என்ன?" என்றாள். மாமியார் மூட்டையை உள்ளே எடுத்துப் போனாள். உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லாரி போய்விட்டது. கடித்து வைத்த ரொட்டியை அன்று சாயங்காலம் நானே தின்றேன், வாசலைத் தாண்டாமலே.

அதனால் கண்ணே, நான் வா என்று சொல்லமாட்டேன். இருந்து கற்றுக்கொள். வா என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன், இதை நுர்சாத் படம் பிடித்து அனுப்புவாள். மிஞ்சின பாதியை மறுபடி பையில் கட்டி, துர்துகான் கைக்கு எட்டாத உயரத்தில் அப்பாவை ஆணி அடிக்கச் சொல்லி மாட்டிவிட்டேன். உன் பல் தடம் அதில் இல்லை, இருந்தாலும் நீ கடித்த ரொட்டிதான். ஒரு வருஷத்தில் கல்லாகிவிடும், தேநீரில் நனைத்துக் கொடுக்கிறேன், உட்கார்ந்து ஒரு துணுக்கு விடாமல் தின்ன வேண்டும்.

உன் வழி வெள்ளையாக இருக்கட்டும், கால் வைக்கிற இடமெல்லாம் உன்னை வரவேற்கட்டும், கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். தொப்பியைப் போட்டுக்கொள். மிச்சமிருக்கும் தயிர் உருண்டையில் வாத்தியாரம்மாவுக்கும் நாலு கொடு, எல்லாவற்றையும் ஆலைக்காரருக்கே கொடுத்துவிடாதே.

உன் அம்மா,
கலிச்சா

எழுத மறந்தது: உன் ரொட்டியைத் தின்றதை மன்னித்துவிட்டேன், அவளுக்குக் கண்ணும் தெரியவில்லை, பல்லும் இல்லை. மாமியாரை அவள் மண்ணுக்குப் போன அன்றே மன்னித்தாயிற்று. அன்று தரையைப் பார்த்து நின்ற உன் அப்பாவை, ஆணி அடித்துக் கொடுத்ததற்காக இந்த வாரம் மன்னித்தேன். என் ரொட்டியை என்னையே தின்ன வைத்தவளை மட்டும் மன்னிக்கமாட்டேன், துர்துகானை.