படுகையில் பயிர் இல்லை

பிப். 9, திங்கள்

காலையில் பனி, பத்து மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். குடமுருட்டிக் கரையில் கணக்கெடுப்பு ஆரம்பம். கரையைப் பாதுகாப்புப் பகுதி ஆக்கலாமா என்று யோசிக்கிறார்களாம். அதற்கு முன் யார் நிலம், யார் பயிர் என்று எழுதுவது என் வேலை. ஒப்பந்த வேலை. சொந்த ஸ்கூட்டி, சொந்த பெட்ரோல்.

ஒரு வயலுக்குப் பட்டா செத்துப்போன தாத்தா பேரில். பேரன் சென்னையில். பயிர் வைப்பது குத்தகைக்காரர். இல்லையாம், அவரிடம் வாங்கிய இன்னொருவராம். தலை சுற்றுகிறது.

பண்ணைக்காரர் ராஜாங்கம் ஆற்று மணல் வரைக்கும் கை நீட்டினார். "அதுவரைக்கும் நம்மளதுதாம்மா, எழுதிக்குங்க." ரோட்டுக்கு நிலம் எடுத்து நஷ்டஈடு தரப்போகிறோம் என்று நினைப்பு. புதுசாக நட்ட தேக்கங்கன்று, அடியில் பாலிதீன் பைகூடக் கிழிக்கவில்லை. வளர்ந்த மரமாக எழுத வேண்டுமாம்!

பிப். 10, செவ்வாய்

ஆற்றை ஒட்டிய படுகை மண்ணில் கத்தரி. நல்ல காய்ப்பு. நடுவில் ஒரு பெண், கையில் மண்வெட்டி. பேர் மல்லிகாவாம்.

"யாரு போட்டது?"

"தெரியலைங்க மேடம். நாங்க புல்லறுக்க வந்தோம்."

மண்வெட்டியாலா! புறம்போக்கு, அதனால் பயம். புரிகிறது. இப்போது பெயர் ஏறினால்தான் பிறகும் பயிர் வைக்க விடுவார்கள், பயிரோடு நிற்கிற போட்டோ வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கூட வந்த தலையாரி வேறு, "சொல்லேம்மா, மேடம் நல்லதுக்குத்தான கேக்குறாங்க." அவள் வாய் இன்னும் இறுகியது. முன்னே ஒரு தடவை ஆக்கிரமிப்பு என்று அவள் வாழையை வெட்ட ஆள் கூட்டி வந்ததே இந்த மனுஷன்தானாம். திரும்பும்போது சாவகாசமாகச் சொல்கிறார். முன்னாலேயே சொன்னால் என்ன?

கடைசியில் மல்லிகா சொன்னது இதுதான்: "இங்க ஒண்ணும் இல்லைன்னு எழுதிக்குங்க மேடம்."

கோபத்தில் அப்படியே எழுதிவிட்டேன். பயிர் இல்லை. உரிமை கோருவோர் இல்லை.

பால், ரீசார்ஜ், அம்மாவுக்கு பிபி மாத்திரை.

பிப். 11, புதன்

சரியான தூக்கம் இல்லை. நான் எழுதியது அப்படியே போனால் அவளுக்குப் படுகை போச்சு. இன்னும் அனுப்பவில்லை, திருத்தலாம். தலையாரியைக் கூப்பிடாமல் தனியாகப் போனேன்.

படுகை வெறும் மண். கத்தரிச் செடிகள் எல்லாம் வேரோடு பிடுங்கி, கரையோரம் குவியல். பூ இன்னும் வாடவில்லை. ஆடு மேய்கிறது.

மல்லிகா ஓடி வந்தாள். "பாத்துக்குங்க மேடம். நீங்க எழுதுனபடியேதான் இருக்கு. யாரு வந்து கேட்டாலும் உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்து?

ஸ்கூட்டியில் ஒரு பை கத்தரிக்காய் மாட்டிவிட்டாள். பாதிக்கு மேல் பிஞ்சு.