சண்டை இல்லாத வீடு

மார்ச் 4, செவ்வாய்

பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே முகம் குப்பென்று சிவந்து எரிந்தது. எனக்குக் கோபம் என்று நினைத்து, வீட்டுப்பாடம் எழுதாத ஒருவன் தானாகவே எழுந்து நின்றான்! வயிற்றுப்போக்கும் நின்றபாடில்லை. வழக்கமான டாக்டர், "மாதவிடாய் நிக்கிற வயசு, அப்படித்தாம்மா இருக்கும்" என்கிறார். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு வம்பு இழுக்கிறார்: "உள்ளே இருக்கிற கோபம்தான் வெளியே வருது." உப்புக்குப் பெறாத விஷயத்துக்கெல்லாம் மல்லுக்கு நிற்கும் மனிதர் இதைச் சொல்கிறார்.

ஏப்ரல் 11, வெள்ளி

குடல் நோய்க்கென்றே இருக்கும் டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேனில், சிறுகுடலில் ஒரு கட்டி. அபூர்வமான வகையாம். அது சுரக்கும் ஏதோ ஒன்றுதான் முகத்தைச் சிவக்க வைக்கிறதாம், வயிற்றையும் கலக்குகிறதாம். "மெதுவா வளர்றதுதான். ஆனா புற்றுநோய்தாம்மா."

வரும் வழியில் இவர் டாக்ஸிக்காரரிடம்கூட மல்லுக்கு நிற்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அந்தச் சுரப்பை அளக்க, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது முடியும்வரை வாழைப்பழம் கூடாது, சோதனை தப்பாகக் காட்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். இவர் என்ன செய்தார்? வயிற்றுக்கு நல்லது என்று கஞ்சியில் மசித்துக் கொடுத்திருக்கிறார்! கேனைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"என் தப்புதாம்மா" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டிராத வார்த்தை. ஐயோ, டாக்டரம்மா இவரிடம் தனியாக ஏதாவது சொல்லியிருப்பாரோ? நான் செத்துடுவேனா?

மே 6, செவ்வாய்

நாளைக்கு ஆபரேஷன். பயமா இருக்கு.

மே 20, செவ்வாய்

குடலில் இருந்ததை எடுத்தாகிவிட்டது. கல்லீரலில் அது பரவிய சின்னச் சின்னப் புள்ளிகள் — கத்தி வைக்க முடியாத இடம். "மாசாமாசம் ஊசி போட்டு அடக்கி வைப்போம். அடுத்த ஸ்கேன்ல வளராம இருந்தா, பல வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

இவர் எனக்குத் தலை வாரிவிடுகிறார், சிக்கு எடுக்கத் தெரியாமல். வலிக்கிறது என்று கத்தினால், "சரிம்மா, சரிம்மா." கட்டியைவிட இந்தச் சாந்தம்தான் என்னைப் பயமுறுத்துகிறது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுங்களேன்!

நவம்பர் 24, திங்கள்

ஸ்கேன் பார்த்தாயிற்று. "வளரவே இல்ல" என்று டாக்டரம்மா படத்தை இரண்டு முறை காட்டினார். இவர் மூன்றாம் முறையும் காட்டச் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார்: "லைட்டை எரியவிட்டுட்டுப் போயிருக்கே! உங்கப்பன் வீட்டு கரண்டா?"

"கடைசியா வெளியே வந்தது யாரு? கண்ணு பொடனியிலயா இருக்கு?"

விட்டேனா பார் என்று இரண்டு பேரும். பக்கத்து வீட்டம்மா பதறிப்போய்க் கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

நல்ல செய்திதான் என்றேன்.