பிரிக்காத மஞ்சள் மாத்திரை

என்னவருக்கு,

நேரில் கேட்டால் பல் வலிக்கிறது, பேச முடியவில்லை என்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பல் டாக்டர் இரண்டு விதமான மருந்து கொடுத்தார். சிவப்புக் கேப்ஸ்யூல் வேளை தவறாமல் குறைகிறது. மஞ்சள் மாத்திரை அட்டையில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. கேட்டதற்கு, "அது வயித்தைப் புரட்டுதுடி" என்றீர்கள். விழுங்காத மாத்திரை எப்படி வயிற்றைப் புரட்டும்?

டாக்டர் அதை எழுதிக் கொடுத்தபோது நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "இதைச் சாப்பிடுற வரைக்கும் ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது. ரெண்டும் சேர்ந்தா வாந்தி எடுத்தே சாஞ்சிடுவீங்க" என்றார். நீங்கள் வீங்கிய தாடையோடு சிரித்தீர்கள். "அதையெல்லாம் தலைமுழுகி ரொம்ப நாளாச்சு டாக்டர்." எனக்கு அப்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

இப்போது வீக்கம் கன்னம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனாலும் சாயங்காலமானால் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது அவசர வேலை வந்துவிடுகிறது. திரும்பி வந்ததும், "சீழ் நாத்தம் அடிக்குது, தள்ளிப் படு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தின் மேல் ஒரு மஞ்சள் மாத்திரை வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். என் கண்ணெதிரே விழுங்கிவிட்டு, இன்று எங்கும் போகாமல் என்னோடு வீட்டில் இருங்கள்.

முடியாதென்றால், காரணத்தை டாக்டரிடமாவது சொல்லுங்கள். உங்களுக்கு வேறு மருந்து எழுதித் தருவார். எனக்கு எழுதித் தரத்தான் அவரிடம் ஒன்றும் இருக்காது.

இப்படிக்கு,
உங்கள் வாயை இன்னும் முகர்ந்து பார்க்காத மனைவி