சாயப்பட்டறைக்காரர் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் சீராக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமெல்லாம். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு டி.வி.யில் வழக்கம்போல அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டார்கள். பனியில் ரயில் நின்றுபோய், முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு சின்ன ஸ்டேஷனில் விடுமுறையைக் கழிப்பார்களே, அதுதான். இத்தனை வருஷத்தில் நான் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை. அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தே பாதிப் படம் போய்விடும். இந்தத் தடவை அப்பா என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

என்ன படம்டி அது! புருஷனை விட்டுப் போகிறவள் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோருக்கும் டீ ஊற்றுகிறார். அவளுக்கு மட்டும் இரண்டாவது தடவையும் ஊற்றுகிறார், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. அதில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளி கோடாகி, கோடு ஆளாகி, தண்டவாளத்து ஓரமாக அவள் புருஷன் நடந்தே வருகிறான். பாட்டில்லை, வசனமில்லை. அவள் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். போவாளா, இருப்பாளா என்று பார்த்துக்கொண்டு நான் அடுப்பையே மறந்துவிட்டேன். கலரில் எடுத்திருந்தால் அவள் போட்டிருந்த கோட்டைத்தான் பார்த்திருப்போம், முகத்தைப் பார்த்திருக்க மாட்டோம்.

இதை நான் வாய்விட்டுச் சொன்னேன். அப்பா திரையைப் பார்த்தபடியே, "கலர் இல்லாததே நிம்மதி. இதை மட்டுந்தான் எல்லாரும் என்னை மாதிரி பாக்கறாங்க" என்றார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விடுவேனா? படம் முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். மூன்று வாரமாகச் சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றாகத்தான் தெரிகிறதாம். எல்லாமே சாம்பல் பூசின மாதிரி இருக்கிறதாம். நினைத்துப் பார். சாயம் போட்ட நூலைச் சாம்பிளோடு வைத்து, நிறம் சரி என்று சொல்வதுதான் அவர் வேலையே. பட்டறையில் அவரோடு வேலை பார்க்கும் சோடாபுட்டி பக்கத்தில் நின்று காதோடு காதாக நிறத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். கண்ணாடி இல்லாமல் கதவைத் தேடுவார் என்று நாம் சிரித்தோமே, அவர்தான். அப்படியும் ஒரு தடவை மெரூன் நூல் பழுப்பென்று போய்விட்டது. தப்பு தன்னுடையது என்று சோடாபுட்டியே ஏற்றுக்கொண்டு திட்டு வாங்கியிருக்கிறார். "எனக்காக அவன் தலை குனிஞ்சு நின்னான்டி" என்று சொல்லிவிட்டு அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த வாரம் கடையிலிருந்து காய்த் தக்காளியாக அள்ளிக்கொண்டு வந்தார். கண்ணு எங்கே இருந்தது என்று கத்தினேன். அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

படம் பார்த்த மறுநாள் காலை, நுரையீரல் காசநோய்க்கு அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு கண் டாக்டரிடம் இழுத்துப் போனேன். புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகத்தைக் காட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "ஒண்ணும் இல்லீங்களே" என்றார். பக்கத்தில் இருந்த எனக்கு எல்லா எண்ணும் தெரிந்தது. சொல்லிக்கொடுக்க வாய் துடித்தது.

அந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்குமாம். "முதல் நாளே வந்திருக்கணும்" என்று டாக்டர் கடிந்துகொண்டார். நெஞ்சு டாக்டரிடம் பேசி அதை நிறுத்தி, வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெதுவாகத் திரும்பிவிடும் என்றார். எல்லோருக்கும் திரும்பும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அப்பா அன்றைக்கே மேனேஜரிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். போகவில்லை. இப்போதைக்குக் கிடங்கில் மூட்டை எண்ணும் வேலை. நிறம் பார்க்கும் இடத்தில் சோடாபுட்டி. அப்பா இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

நேற்று மறுபடி போனோம். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையில் போன வாரம் கடகடவென்று படித்த கடைசி வரியில் இந்த வாரம் இரண்டு எழுத்துக்குத் தடுமாறினார். டாக்டர் எதையோ குறித்துக்கொண்டு, "பொறுத்துப் பார்ப்போம்" என்றார். வெளியே வந்ததும் அப்பா, லைட் சரியில்லை என்றார். நானும் ஆமாம் என்றேன். லைட் நன்றாகத்தான் இருந்தது.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். தானாக லீவு கிடைத்தது என்று சொல். இரண்டு நாள் வந்து அவரோடு இருந்தால் போதும். எந்தக் குறையும் உன்னை அண்டாமல் இருக்கட்டும், என் கண்ணே. வருவதானால் பகல் பஸ்ஸில் வா. வீட்டுக்குள் நீ நுழையும்போது நல்ல வெளிச்சம் இருக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அம்மா